தமிழ் தெரியாத டங்கனை தமிழ் டைரக்டர்னு எப்படிச் சொல்லுதிய?

கேள்வி, பாளையங்கோட்டை வாசகர், ஜூன் 2

கால்டுவெல் 1838ல மெட்ராசுல வந்து எறங்குனாரு, 1841ல இடையன்குடிக்கு வந்தாரு, சாவுத வரைக்கும் தமிழ்தான். அமெரிக்காக்காரரு எல்லிஸ் ஆர். டங்கன் 1935ல வந்து 1950 வரைக்கும் இங்கன படம் எடுத்திருக்காரு, தமிழ் பேசப் படிக்கவே இல்ல. சமூகப் படம், காதல், புராணம், பக்தி, ராஜா கதைன்னு எது கெடைச்சாலும் எடுத்திருக்காரு. எதுலயும் பிடிப்பு இல்லாதவருதான் இப்படி எல்லாத்துலயும் கை வப்பாருங்கது என் கணக்கு. இவர எதுக்கு எல்லாரும் கொண்டாடுதிய?

ஜூன் 2, ராத்திரி

தம்பி, கால்டுவெல்ல பக்கத்துல நிறுத்துனது எனக்குச் சரியாப் படல. அவரு வந்தது சமயத்தைப் போதிக்க, அதுக்கு ஊர்ச்சனம் பேசுத பேச்சு கைவசம் இருந்தாத்தான் ஆகும். 1856ல ஒப்பிலக்கணம் வந்ததே அந்த உழைப்புலருந்துதான். 1820ல பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியசும் அப்படித்தான். டங்கன் வந்தது படம் எடுக்க.

ஒஹையோ மாநிலத்துல பார்ட்டன்ங்கிற ஊர்ல 1909ல பொறந்தவரு. லாஸ் ஏஞ்சல்ஸ்ல தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல சினிமா படிச்சாரு, அங்க கூடப் படிச்ச மாணிக் லால் டாண்டன் கூப்பிட்டுத்தான் இந்தியாவுக்கு வந்தாரு. டாண்டன் அப்ப கே.பி.சுந்தராம்பாள வச்சு நந்தனார் எடுத்துக்கிட்டு இருந்தாரு, அதுல இவரு கூடமாட வேலை பாத்தாரு. அப்புறம் டாண்டனுக்கு வந்த ஒரு வாய்ப்ப அவரு இவரு பக்கம் தள்ளிவிட்டாரு, அதுதான் 1936ல வந்த சதி லீலாவதி. அப்ப டங்கனுக்கு 26 வயசு. எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணன், டி.எஸ்.பாலையா எல்லாருக்கும் அதுதான் முதப் படம். எம்.ஜி.ஆருக்கு சின்ன போலீஸ் இன்ஸ்பெக்டர் வேசம். கதாநாயகன் எம்.கே.ராதா.

பிடிப்பு இல்லாததுனாலதான் எல்லா வகையிலயும் எடுத்தாருன்னு சொல்லுதியே, அத நான் ஒத்துக்கிட மாட்டேன். நான் அம்பாசமுத்திரம் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கவன். ஒருதடவை டவுன்ல ஒரு சேட்டு வீட்டுக் கல்யாணம் எடுக்கப் போனேன், அவுக பேசுதது ஒரு வார்த்தை பிடிபடல, எப்ப எந்தச் சடங்கு வரும், யாரு யாருக்கு என்ன ஒறவுன்னு ஒண்ணும் தெரியல, பயந்துபோயி ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் கையையும் பாத்துக்கிட்டே இருந்தேன், யாரு எந்தப் பக்கம் திரும்புதா, எந்த அம்மா கண்ணு கலங்கப் போவுதுன்னு. அதுதான் நான் எடுத்ததுலயே நல்ல வீடியோன்னு இன்னைக்கும் சொல்லுவேன். நம்ம பாசை பேசுத கல்யாணத்துல காது வேலை செய்யும், கண்ணு சோம்பேறியாயிரும். டங்கன் படம் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த சேட்டு வீட்டு ஞாபகம் வரும்.

ஜூன் 3, காலையில

சுருக்கமா ஒண்ணு, நேத்து விட்டுப்போச்சு. டி.எஸ்.பாலையா நம்ம ஆளு. சுண்டங்கோட்டை, அப்ப திருநெல்வேலி ஜில்லா, இப்ப தூத்துக்குடி. சதி லீலாவதியில அவர கொண்டாந்தது டங்கன் படம், மறுவருசம் அம்பிகாபதியில வில்லன், 1945ல மீராவுலயும் இருக்காரு. தமிழ் வார்த்தையை அந்த ஏத்த எறக்கத்தோட பேசுத ஒரு மனுசன, தமிழே தெரியாத ஒருத்தர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்காருன்னா, அவரு பாத்தது என்னன்னு யோசிங்க.

ஜூன் 3, சாயங்காலம்

கோவில்பட்டி அண்ணாச்சி, “சதி லீலாவதி சொந்தக் கதையா, எங்கயோ படிச்சது மாதிரி இருக்கே”ன்னு கேட்டிருக்காவ. கதை எஸ்.எஸ்.வாசன் ஆனந்த விகடன்ல தொடரா எழுதுனது. ஆனா அதே சமயத்துல பதிபக்தின்னு ஒரு நாடகத்தை வேற ஆளுக படமா எடுத்துக்கிட்டு இருந்தாவ, அதுலயும் குடிச்சு குடும்பத்தைச் சீரழிக்குத புருசன், அதனால கதை எங்களோடதுன்னு கோர்ட்டு வரைக்கும் போச்சு. கடைசியில வாசனே ரெண்டுக்கும் மூலம் மிசஸ் ஹென்றி வுட்ங்கிற எழுத்தாளரம்மா 1860ல எழுதுன ஒரு இங்கிலீஷ் நாவல்தான்னு சொல்லி வழக்கு முடிஞ்சுது.

இதுல நான் கவனிக்குத விஷயம் வேற. கதாநாயகன் குடிச்சுட்டு தப்பு பண்ணிட்டு சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடுதான், கூலியா வேலை பாக்குதான். நம்ம பக்கத்துல சிலோன் போவாத குடும்பம் எத்தன இருக்கும் சொல்லுங்க. எங்க தாத்தா வகையில பாதிப் பேரு கொழும்புலயும் கண்டியிலயும் கடைல நின்னவுக, மீதிப் பேரு தோட்டத்துக்குப் போனவுக, போனவுகள்ல சில பேரு திரும்பி வரவே இல்ல. அந்தக் கதைய படமாக்குனது நாடு விட்டு நாடு வந்த 26 வயசுப் பையன். இது எனக்கு பெரிய விஷயமாத் தெரியுது. அவருக்கு வசனம் புரியலன்னாலும், ஊரு விட்டு ஊரு வந்து பொழைக்குதது என்னன்னு புரிஞ்சிருக்கும்லா.

ஜூன் 5, ராத்திரி

மழை, கரண்ட் இல்ல, போன்லதான் அடிக்கேன்.

அம்பிகாபதி பத்தி. 1937. எம்.கே.தியாகராஜ பாகவதர், எம்.ஆர்.சந்தானலட்சுமி. வசனம் இளங்கோவன். அதுக்கு முந்தி தமிழ்ப்படம்னா நாடக மேடைய அப்படியே கேமரா முன்னால வச்சது. ஆளுக வரிசையா நின்னு ஜனங்களப் பாத்து பேசுவாவ, பாட்டு வரும், மறுபடி பேச்சு. டங்கன் என்ன செஞ்சாருன்னா, கேமராவ கிட்டக்க கொண்டு போனாரு. ஆணும் பொண்ணும் நெருங்கி நிக்குதத காட்டுனாரு. ரோமியோ ஜூலியட் மாதிரி மாடத்துக் காட்சி, அவளுக்கு கீழ நின்னு இவன் பேசுதது. அத தமிழ்ல எப்படிச் சொல்லணும்னு இளங்கோவனுக்குத் தெரிஞ்சுது, எங்க நின்னு சொல்லணும்னு டங்கனுக்குத் தெரிஞ்சுது.

அந்தப் படம் ஓடுன ஓட்டம் சாதாரணமில்ல. எங்க அப்பா டூரிங் கொட்டகையில ஆபரேட்டரா இருந்தவுக, அவுக காலத்துக்கே அது பழைய படம், ஆனாலும் பாகவதர் படம்னு போஸ்டர் ஒட்டுனா கல்லிடைக்குறிச்சியிலருந்து வண்டி கட்டி வருவாவன்னு சொல்லுவாவ. ரீல் மாத்தும்போது இருட்டுல சத்தம் போடாத கூட்டம் பாகவதர் கூட்டந்தான்னு சொல்லுவாவ.

இன்னொரு தம்பி “பாபநாசம் சிவன் நம்ம பாபநாசத்துக்காரருல்லா, அத எழுதுங்க”ன்னு போட்டிருக்காப்ல. இல்ல தம்பி. நமக்கு ஆசையாத்தான் இருக்கு, ஆனா அவரு பேருல இருக்கது தஞ்சாவூர் ஜில்லா பாபநாசம். நம்ம அகஸ்தியர் அருவி பாபநாசத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா அம்பிகாபதிக்கு பாட்டும் இசையும் அவருதான், அது உண்மை.

ஜூன் 6

காளமேகம்.

இந்த ஒரு படம்தான் என்னைய தடுமாற வைக்குது. 1940. காளமேகப் புலவரா நடிச்சது நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. டைரக்டர் டங்கன். காளமேகம் யாரு? சிலேடைக்குன்னே பொறந்தவரு. ஒரே பாட்டுக்கு ரெண்டு அர்த்தம், பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும். தமிழ் நல்லாத் தெரிஞ்சவனே ஒருதடவைக்கு ரெண்டுதடவை படிச்சாத்தான் பிடிபடும். அப்படி ஒரு கவியோட கதைய தமிழே தெரியாத ஒருத்தர்கிட்ட குடுத்திருக்காவ. படம் பெருசா ஓடல.

பாளை தம்பி, உம்ம கேள்விக்கு பலமே இந்தப் படத்துலதான் இருக்கு, நீரு ஏன் அத எடுத்து வைக்கலன்னு தெரியல. மூஞ்சியையும் கையையும் பாத்துப் படம் எடுக்கலாம்னு நான் சொன்னேன்லா, சிலேடை மூஞ்சியில இருக்காது. அது காதுக்குள்ள நடக்குத விஷயம். அங்கன என் வாதம் நிக்காது.

ஆனா ராஜரத்தினம் பிள்ளைய ஒருத்தர் படமா எடுத்து வச்சாரே, அதுக்கு கும்பிடு போடணும். நம்ம காருக்குறிச்சி அருணாசலம் அவரோட சிஷ்யருதானே. காருக்குறிச்சியார் வாசிப்பு கேக்காம எங்க பக்கத்துல ஒரு கல்யாணம் விடிஞ்சதில்ல, ரெக்கார்டாவது போடுவாவ. 1962ல கொஞ்சும் சலங்கையில சிங்காரவேலனேக்கு ஜானகி அம்மா கொரலோட சேந்து அவரு வாசிச்சது இன்னைக்கும் என் எடிட்டிங் கம்ப்யூட்டர்ல கெடக்கு, தாலி கட்டுத இடத்துக்கு நெறைய பேரு அதத்தான் கேக்காவ. குரு திரையில எப்படி நின்னாரு, நாதஸ்வரத்த எப்படிப் பிடிச்சாருன்னு பாக்கணும்னு எனக்கு பல வருசமா ஏக்கம்.

ஜூன் 6, பின்னாடி சேத்தது

கருவி வாசிக்குதவுகளயும் பாடுதவுகளயும் நடிக்க வைக்குதது லேசுப்பட்ட வேலை இல்லங்கதயும் சொல்லிருதேன். கச்சேரி மேடைக்குப் பழகுனவுகளுக்கு கண்ண மூடிக்கிட்டாத்தான் பாட்டு வரும். கேமராவுக்கு கண்ணு தொறந்து இருக்கணும். அதே 1940லதான் சகுந்தலையும் வந்துச்சு, எம்.எஸ்.சுப்புலட்சுமியும் ஜி.என்.பாலசுப்பிரமணியமும். ரெண்டு பேருமே சங்கீத உலகத்துல உச்சம், ரெண்டு பேருமே நடிகருங்க இல்ல. அவுகள வச்சு காளிதாசன் கதைய எடுக்கணும். நடுவுல என்.எஸ்.கே.யும் டி.எஸ்.துரைராஜும் மீனவங்களா வந்து பண்ணுத கூத்து இருக்கு, அது தனிப் படம் மாதிரி. ஒரே படத்துக்குள்ள புராணமும் கச்சேரியும் காமெடியும். வகை மாத்தி மாத்தி எடுத்தாருன்னு தம்பி சொன்னது, ஒரு படத்துக்குள்ளயே நடந்திருக்கு.

ஜூன் 9, ராத்திரி ரொம்ப நேரம் ஆச்சு

இன்னைக்கு மறுபடி மீரா பாத்தேன். அதான் எழுதணும்னு தூக்கத்த விட்டுட்டு உக்காந்திருக்கேன்.

1945 தீபாவளிக்கு வந்த படம். நந்தபாலான்னு பாட ஆரம்பிக்குதது சின்னப் பிள்ளை ராதா, எம்.எஸ்.ஸோட புருசன் சதாசிவம் அய்யரோட மக. பாட்டுக்கு நடுவுலயே அந்தப் பிள்ளை பெரியவளாகி எம்.எஸ். ஆயிருது. வசனம் கெடையாது, “சில வருசங்களுக்குப் பிறகு”ன்னு அட்டை கெடையாது. எம்.எஸ். மூஞ்சி திரையில வருத அந்த நொடிய நான் எத்தனதடவை நிறுத்திப் பாத்திருக்கேன்னு கணக்கே இல்ல.

அந்த வெளிச்சம் எங்கருந்து வந்துச்சுங்கது தற்செயலா நடந்தது இல்ல. டங்கனும் கேமராமேன் ஜிதன் பானர்ஜியும் படம் தொடங்குததுக்கு முந்தியே எம்.எஸ். தலையையும் மூஞ்சியையும் பிளாஸ்டர்ல ஒரு சிலையாச் செஞ்சாவ. அந்தச் சிலைய வச்சுக்கிட்டு லைட்ட மேலருந்து, கீழருந்து, பக்கத்துலருந்து போட்டுப் போட்டு படம் எடுத்துப் பாத்தாவ. எந்தக் கோணத்துல அந்த மூஞ்சிக்கு என்ன வெளிச்சம்னு முடிவு பண்ணிட்டுத்தான் செட்டுக்கே போனாவ. நான் ஒரு பொண்ணு மாப்பிள்ளைக்கு ரிசப்ஷன்ல லைட் வைக்க அஞ்சு நிமிசம் கேட்டா சொந்தக்காரங்க கத்துவாவ, அந்தக் காலத்துல ஒரு நடிகைய ஒருநாள் கூட சிரமப்படுத்தாம இதச் செஞ்சிருக்காவ. லைட்டுல நிக்குத கஷ்டம் சிலைக்கு, பலன் எம்.எஸ்.சுக்கு. இத யோசிச்சவருக்கு நடிக்கவுக மேல எவ்வளவு மரியாதை இருந்திருக்கணும்.

காற்றினிலே வரும் கீதம் கல்கி எழுதுனது, மெட்டு எஸ்.வி.வெங்கட்ராமன். ராஜஸ்தான் வரைக்கும் போயி உதய்ப்பூர்லல்லாம் எடுத்திருக்காவ. பின்னால இந்தியிலயும் வந்துச்சு, சரோஜினி நாயுடுவே திரையில தோன்றி எம்.எஸ்.ஸ அறிமுகப்படுத்துனாவ. மேற்க பொறந்த ஒருத்தர், வடக்க வாழ்ந்த ஒரு பக்தையோட கதைய, தெக்க பாடுத ஒரு அம்மாவ வச்சு எடுத்து, அது நாடு பூரா போயிருக்கு.

ஜூன் 10, காலையில

ராத்திரி எழுதுனதப் படிச்சேன். எல்லாத்தையும் டங்கன் தலையில ஏத்தி வச்சிருக்கேன், அதக் கொஞ்சம் சமப்படுத்தணும்.

அவரு எடுத்த படங்கள வரிசையா நிறுத்திப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் வார்த்தைய சொமக்க ஒரு ஆளு இருக்காரு. சதி லீலாவதிக்கு வாசன். அம்பிகாபதிக்கு இளங்கோவன். மீராவுக்கு கல்கி. பொன்முடிக்கு மூலம் பாரதிதாசனோட எதிர்பாராத முத்தம். மந்திரிகுமாரிக்கு கருணாநிதி. இதுல யாரையாவது சாதாரண ஆளுன்னு சொல்ல முடியுமா. வசனத்த உதவியாளருங்க இங்கிலீஷ்ல சொல்லச் சொல்ல கேட்டு எடுத்தவரு அவரு. வார்த்தை பலமா இருந்த படம் நின்னுச்சு. சகுந்தலையில பேச்சு நீளுத சில இடத்துல கேமரா சும்மா நிக்குதது எனக்கு இப்ப தெளிவாத் தெரியுது, வாயசைவு முடிஞ்சாத்தான் காட்சி முடிஞ்சுதுன்னு அவருக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கு. பாட்டு வந்தா அவரு முழிச்சிக்கிடுதாரு. எம்.எஸ். பாட ஆரம்பிச்ச ஒடனே கேமராவுக்கு உசிரு வந்துருது.

அப்புறம் இன்னொண்ணு. வகை மாத்தி மாத்தி எடுத்தத பெரிய ரசனைன்னும் சொல்ல வேண்டாம், பிடிப்பு இல்லன்னும் சொல்ல வேண்டாம். கூலிக்கு வந்தவரு. புராணம் எடுக்கணும்னா புராணம், காதல்னா காதல். யுத்த காலத்துல மெட்ராஸ் அரசாங்கத்துக்கு செய்திப்படமும் எடுத்தாரு. சொந்த ஊருக்காரன் “இந்தக் கதை எனக்கு ஒத்துவராது”ன்னு சொல்லிட்டு வீட்டுல உக்காந்து சாப்பிடலாம். வந்த ஊர்ல நிக்கவனுக்கு அந்த வசதி கெடையாது. மும்பையில தாராவிக்குப் போன எங்க பெரியப்பா பையன்கிட்ட கேட்டா சொல்லுவான், தோல் பதனிடுதான், டீக்கடையில நின்னான், இப்ப லாட்ஜு பாக்கான். எல்லா வேலையையும் ஒழுங்காச் செஞ்சான். அதுதான் அவன் பிடிப்பு.

ஜூன் 12

கோவில்பட்டி அண்ணாச்சி ஒரு வரி போட்டிருக்காவ, “ஹாலிவுட்ல மட்டும் என்ன வாழுது, மைக்கேல் கர்ட்டிஸ் இங்கிலீஷ் பேசுனா யாருக்கும் புரியாதாம்”னு. சரியான இடத்துல சொன்னிய அண்ணாச்சி. கர்ட்டிஸ் புடாபெஸ்ட்டுல 1886ல பொறந்தவரு, 1926ல ஹாலிவுட் போனாரு, கடைசி வரைக்கும் அவரு இங்கிலீஷ் கோணல்தான். ஆனா 1938ல ராபின் ஹூட், 1942ல காசாபிளாங்கா, அதே வருசம் ஆட்டம் பாட்டமா ஒரு படம், 1945ல மில்ட்ரெட் பியர்ஸ்னு கொலையும் குடும்பமும் கலந்த படம். வாளு சண்டை, காதல், பாட்டு, குற்றம் எல்லாம் ஒரே ஆளு. டங்கன் மேற்கருந்து கெழக்க வந்தாரு, கர்ட்டிஸ் கெழக்கருந்து மேற்க போனாரு. அங்க கர்ட்டிஸ அமெரிக்க டைரக்டர்னுதான் சொல்லுதாவ, யாரும் இலக்கணப் பரீட்சை வைக்கல.

ஜூன் 13

பாளை தம்பி பதில் போட்டிருக்காப்ல, சுருக்கமா சொன்னா: கர்ட்டிஸ் அங்கயே இருந்து அங்கயே செத்தாரு, டங்கன் 1950ல கெளம்பிட்டாருல்லா.

கெளம்புனாரு, உண்மை. அந்த வருசம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவுல அவருக்கு ரெண்டு படம். பொன்முடி காதல் காட்சியெல்லாம் நெருக்கமா இருக்குன்னு வசவு வாங்குச்சு. மந்திரிகுமாரி குண்டலகேசி கதை, எம்.ஜி.ஆர். தளபதி, எஸ்.ஏ.நடராஜன் ராஜகுருவோட மகன் வேசம், மாதுரி தேவி மந்திரியோட பொண்ணு. படம் முழுசா முடியுததுக்கு முந்தியே டங்கன் அமெரிக்கா கெளம்ப, மீதிய ஸ்டுடியோ முதலாளி டி.ஆர்.சுந்தரம் முடிச்சாரு, டைரக்‌ஷன்னு ரெண்டு பேரு பேரும் வரும். இதுல எந்தக் காட்சி யாரோடதுன்னு சண்டை போட நான் வரல. ஆனா வாராய் நீ வாராய் பாட்டப் பாருங்க. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடுதாவ, அவன் பொண்டாட்டிய மலை உச்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போறான், தள்ளிவிட. கேட்டா கொஞ்சுத பாட்டு, பாத்தா கொலைப் பாட்டு. உச்சிக்குப் போனதும் அவ, ஒங்களச் சுத்தி வந்து கும்பிடணும்னு கேட்டு, சுத்தி வந்து அவனையே தள்ளிவிட்டுருவா. காதலையும் கொலையையும் ஒரே பாட்டுல வச்சு எடுக்கணும்னா எல்லா வகையிலயும் கை பழகுன ஆளுக இருக்கணும்.

அப்புறம் ஒரேயடியா மறந்துட்டும் போவல. மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்கக் கம்பெனியும் சேந்து எடுத்து 1952ல வந்த தி ஜங்கிள்ல தயாரிப்புப் பக்கம் இவருக்கு பங்கு உண்டு. அங்க வெஸ்ட் வர்ஜீனியாவுல வீலிங்ங்கிற ஊர்ல இருந்துக்கிட்டு டாகுமென்டரி எடுத்துக்கிட்டு இருந்தாரு. 1994ல மெட்ராசுக்கு வந்தப்ப சினிமாக்காரங்க கூடி மரியாதை செஞ்சாவ. 2001 டிசம்பர்ல 92 வயசுல காலமானாரு. 2013ல கரண் பாலி அவரப் பத்தி ஒரு டாகுமென்டரி எடுத்திருக்காரு, கெடைச்சா பாருங்க தம்பி, உம்ம கேள்விக்கு என்னைய விட அது நல்லாப் பதில் சொல்லும்.

ஜூன் 15

தனியா மெசேஜ்ல எந்தப் படத்துலருந்து ஆரம்பிக்கன்னு நெறைய பேரு கேக்காவ. மொதல்ல மீரா. வீட்டுல பெரியவுக இருந்தா அவுககூட உக்காந்து பாருங்க, பாட்டுக்கு அவுக சொல்லுத கதை தனியா கெடைக்கும். அப்புறம் மந்திரிகுமாரி, இது இணையத்துலயே இருக்கு. பொன்முடியையும் தேடிப் பாருங்க, இன்னைக்கு பாத்தா அதுல என்ன தப்புன்னு தேடித்தான் எடுக்கணும். சகுந்தலைக்கு பொறுமை வேணும், என்.எஸ்.கே.-துரைராஜ் வருத எடம் வரைக்குமாவது தாக்குப்பிடிங்க.

பாளை தம்பி, நீரு மீராவ சத்தத்த அமத்திட்டு கொஞ்ச நேரம் பாரும், டங்கனுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்னு பாக்க. அப்புறம் சத்தத்தோட பாரும். பாத்துட்டு இங்கனயே எழுதும், அப்பவும் அவரு தமிழ் டைரக்டர் இல்லன்னு தோணுச்சுன்னா எந்தக் காட்சியில தோணுச்சுன்னு காட்சியச் சொல்லும், அதவச்சுப் பேசுவோம்.